நேராகப் போனாலும் ஆறு, சுற்றிப் போனாலும் ஆறு!

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கு வடுவூர் வழியாக நேராகப் போய்விடலாம். ரூம்மேட்டின் அக்காவுக்குக் கல்யாணம். சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. தஞ்சாவூரில் பூ வாங்கிட்டு வர்ற பொறுப்பு எங்க ரெண்டு பேர் தலையில். ஆனாலும் மதியம் நாங்க ஏறியது நீடாமங்கலம் பஸ். காரணம், செஸ்!

நீடாமங்கலம் - மன்னார்குடி ரோட்டில் இருக்கிறது திருப்பூவனூர். இங்கே சிவனுக்குப் பேரே சதுரங்க வல்லபநாதர். வசுசேனன் என்ற ராஜாவின் மகள் ராஜராஜேஸ்வரியை சதுரங்கத்தில் யாராலும் ஜெயிக்க முடியலையாம். ஜெயிக்கிறவருக்குத்தான் பொண்ணு என்று ராஜா அறிவிக்க, வயசான சித்தர் வேஷத்தில் வந்து சிவனே ஆடி ஜெயித்தார் என்கிறது தலபுராணம். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தப்போ இந்த ஊர்ப் பேர் நிறைய அடிபட்டது.

எனக்கு அங்கே ஒரு சொந்த சோகம் இறக்கிவைக்க வேண்டியிருந்தது. மூணு வாரம் ராத்திரி முழிச்சு ஒரு செஸ் புதிர் தயாரிச்சிருந்தேன். 'வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும்' டைப். புதிருக்குச் சட்டம் ஒண்ணுதான்... வழி ஒண்ணே ஒண்ணு இருக்கணும். இன்னொரு வழியிலும் ஜெயிக்க முடிஞ்சா, புதிர் காலி. 'குக் ஆயிடுச்சு' என்பார்கள். என் புதிரை ரூம்மேட் மூணே நிமிஷத்தில் குக் பண்ணிட்டான், அதுவும் பல் தேய்ச்சுக்கிட்டே! 'இனி ஜென்மத்துக்கும் புதிர் போட மாட்டேன்' என்று நோட்டை ஹாஸ்டல் பெட்டிக்கு அடியில் தள்ளிட்டேன்.

சாமி கும்பிட்டு வெளியே வந்து நிழலில் உட்கார்ந்ததும், பையிலிருந்து காந்த செஸ் போர்டை எடுத்தான். நாலே நாலு காய் வெச்சான்.

வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5.

"வெள்ளை ஆடி டிரா பண்ணணும். 1921-ல ரிச்சர்ட் ரெட்டி போட்டது மச்சி."

"ரெட்டியா? ஆந்திராவா?"

"இல்லடா. அன்னிக்கு ஆஸ்திரியா - ஹங்கேரி, இன்னிக்கு ஸ்லோவாக்கியா. அங்க பொறந்தவரு!"

பார்த்தால் சான்ஸே இல்லை. கறுப்புச் சிப்பாய் நாலு ஸ்டெப்பில் ராணி ஆயிடும். துரத்தினால் நம்ம ராஜா ரெண்டு ஸ்டெப் பின்னாடி. சரி, நம்ம சிப்பாயைக் காப்பாத்தலாம் என்றால் அது ராஜாவுக்கு அந்தக் கோடி. மன்னார்குடி பஸ் ரெண்டு போச்சு. பூ வாட ஆரம்பிச்சது.

ஒரு மணி நேரம் கழிச்சுதான் பளிச்! எதையும் தனியாகத் துரத்தக் கூடாது. ஜி7, எஃப்6, இ5 என்று ராஜா குறுக்கே இறங்கணும். நடுவில் நம்ம சிப்பாயைப் பிடிக்கக் கறுப்பு ராஜா பி6-க்கு ஒரு ஸ்டெப் செலவு பண்ணியே ஆகணும். இ5 வந்துட்டால் ரெண்டு பக்கமும் கை எட்டும். நம்ம சிப்பாயை வெட்டினானா? எஃப்4 போய் அவன் சிப்பாயைப் பிடிச்சிடலாம். அவன் சிப்பாய் ஓடுதா? டி6 போய் நம்ம சிப்பாயையும் ராணி ஆக்கிடலாம். டிரா!

எண்ணிப் பாருங்க. எச்8-லிருந்து எச்2-க்கு நேராக இறங்கினால் ஆறு ஸ்டெப். இ5-ஐத் தொட்டுட்டு வந்தாலும் மூணும் மூணும் ஆறுதான்! ஸ்கூலில் படிச்ச பிதாகரஸ் தேற்றம் இந்தக் கட்டங்களில் செல்லாது.

நாலே காய். நூறு வருஷம் தாண்டியும் ஓட்டை விழலை. என் புதிரில் பதினோரு காய். ஓட்டையை அடைக்க ஒவ்வொரு காயாகச் சேர்த்தேன். வந்த காய் ஒவ்வொண்ணும் புதுசா ஒரு வழியைத் திறந்துவிட்டது. தப்பு எங்கேன்னு அங்கேதான் உறைச்சது.

மன்னார்குடி மண்டபத்துக்குப் போனப்போ மணி ஆறரை. மாப்பிள்ளை அழைப்பு கார் கிளம்பியாச்சு. நிஜ ரோட்டில் பிதாகரஸ் கரெக்ட்தான்! "பூ எங்கடா?" என்றார் ரூம்மேட்டின் அம்மா. ரெண்டு பேரும் முழிச்சோம். மறந்து வெச்சுட்டு வந்தது... திருப்பூவனூரில்!

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக நோட்டை வெளியே இழுத்தேன். இப்போ பதினொண்ணு ஏழாகியிருக்கு. ரூம்மேட் பல் தேய்ச்சுக்கிட்டிருக்கான்.

காட்டலாமா?