செவலி வீட்டுக்குள்ள நனைச்ச கதை

எங்க வீட்டு செவலிக்கு ஏழு வயசு. சாதாரண நாட்டு நாய்தான். பகல் முழுக்கத் தோட்டத்துல ஆடுகளோட சுத்தும். ராத்திரியானா ஆத்தா கட்டிலுக்குக் கீழ வந்து படுத்துக்கும். குட்டியில பழக்கினது, அப்புறம் வீட்டுக்குள்ள ஒரு சொட்டு விட்டதில்ல. கொட்டுற மழையிலயும் கதவப் பிராண்டி வெளிய விடச் சொல்லும்.

போன ஐப்பசியில அது மாறிப்போச்சு. விடிஞ்சு பார்த்தா ஆசாரத்து மூலையில ஈரம். ஆசாரம்னா எங்க பக்கம் வீட்டோட நடுக்கூடம். மூணாம் நாள் ராத்திரி ஆத்தா பாத்ரூம் போக எந்திரிச்சவங்க, அந்த ஈரத்துல வழுக்கி, சுவத்தப் புடிச்சுத் தப்பிச்சாங்க. எண்பத்தொரு வயசு. விழுந்திருந்தா இடுப்பெலும்பு என்னாகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

"இனி அது மாட்டுக் கொட்டாயில இருக்கட்டுமுங்க"ன்னு வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க. அவங்க பயம் நியாயமானது. பக்கத்துத் தோட்டத்துக்காரர், "அத்தனையும் திமிருங்க. மூஞ்சிய அதுலயே தேச்சு நாலு போடு போடுங்க, அடங்கிரும்"னாரு.

எனக்கு மனசு ஒப்பல. நல்லாக் கறந்துட்டிருந்த மாடு திடீர்னு உதைச்சா நாம மொதல்ல மடியத்தான் தொட்டுப் பார்ப்போம். காம்புல வலி இருக்கும். நாய்க்கும் அதே கணக்குதானே? இத்தன வருசம் சுத்தமா இருந்தது இப்ப மாறுதுன்னா உள்ள என்னமோ இருக்கு. ராத்திரி பேஞ்சதுக்குக் காலையில அடிச்சா, எதுக்கு அடி வாங்குறோம்னு அதுக்குப் புரியாது. நம்மளப் பார்த்துப் பயந்து, மறைவாப் போய்ப் பேயத்தான் பழகும்.

ரெண்டு நாள் கவனிச்சேன். அடிக்கடி குத்த வெக்குது, முக்குது, கொஞ்சந்தான் வருது. கால்நடை டாக்டரு மூத்திரம் புடிச்சுட்டு வரச் சொன்னாரு. விடிகாலையில நீளக் காம்புக் கரண்டியோட நாய்க்குப் பின்னால நான் நடந்தத ஆத்தா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாங்க. சோதிச்சுப் பார்த்ததுல மூத்திரப் பையில கிருமித் தொற்று. மாத்திரை குடுத்தாரு. நல்லாயிருச்சுன்னு பாதியில நிறுத்தாதீங்க, தண்ணியக் குறைக்காதீங்கன்னும் சொன்னாரு.

இன்னும் சிலதும் அவர்கிட்டக் கேட்டுக்கிட்டேன். கருத்தடை பண்ணின பொட்ட நாய்க்கு, சில வருசம் கழிச்சுக்கூடத் தூக்கத்துல தன்னறியாம ஒழுகலாம். அதுக்கும் மருந்து இருக்கு. தண்ணிய ரொம்பக் குடிச்சு ரொம்பப் பேஞ்சா சர்க்கரையோ சிறுநீரகமோ கெட்டிருக்கலாம். பட்டாசுச் சத்தம், வீடு மாத்தறது, வீட்டுக்குப் புது ஆள் வர்றதுகூடப் பழக்கத்தக் கலைக்கும்.

நோவு போன பின்னாடியும் ரெண்டு தடவ அதே மூலையில பேஞ்சுது. வாடைதான் காரணம். பினாயில் ஊத்தினா நம்ம மூக்குக்குத்தான் மறையும். சோப்புத் தண்ணியில கழுவி, வினிகர் கலந்த தண்ணியால தொடச்சுக் காயவிட்டோம். அந்த மூலையிலயே அதோட சோத்துத் தட்ட வெச்சோம். திங்கிற எடத்த அசிங்கப்படுத்த நாய் பெரும்பாலும் விரும்பாது.

அப்புறம் குட்டிக்குப் பழக்கற மாதிரி மறுபடி ஆரம்பிச்சோம். எந்திரிச்ச உடனே, தின்ன பின்னாடி, படுக்கறதுக்கு முன்னாடி வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போவேன். கதவத் திறந்து விட்டுட்டுத் திரும்பாம, முடிக்கற வரைக்கும் கூடவே நிப்பேன். முடிச்ச அந்த நொடியே ஒரு துண்டு அவிச்ச முட்டை. அதுவரைக்கும் ராத்திரிப் படுக்கை கதவோரத்துக் கோணிச் சாக்குல. ஆத்தா நடக்கற வழியில சின்ன லைட்டு. இதுக்கு வீட்டுக்காரம்மாவும் ஒத்துக்கிட்டாங்க. தை பொறக்கறதுக்குள்ள செவலி பழையபடி கட்டிலுக்குக் கீழ போயிருச்சு.

டவுன்ல இருக்கற உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க ரோட்டோரம் அப்பப்போ கழுத்துப் பட்டையோட வளர்ந்த நாயிக நிக்குது, கார்ல கொண்டாந்து எறக்கி விட்டது. போற கார் ஒவ்வொண்ணையும் பார்க்கும். எதுக்கு விட்டாங்கன்னு நமக்குத் தெரியாது. டைல்ஸ நனைச்சதுக்காக விட்டதும் அதுல இருக்கலாம். உங்க நாய் திடீர்னு வீட்டுக்குள்ள நனைச்சா, மொதல்ல டாக்டர்கிட்டக் கூட்டிப் போங்க. மத்ததெல்லாம் அப்புறம் யோசிச்சுக்கலாம்.