ஒன்றரை ஏக்கரும் இருநூறு மணி நேரமும்

ஓமலூர் பக்கம் இப்ப பத்து வீடு பேசினா ஒரு வீட்ல பைலட் பேச்சு இருக்கு. முன்னெல்லாம் இன்ஜினியர், அப்புறம் நர்சிங், நடுவுல கொஞ்ச நாள் மரைன். காமலாபுரத்துல ஏர்போர்ட் 1993லயே வந்துடுச்சு. ஆனா விமானம் வந்த வருஷத்தை விட வராத வருஷம்தான் அதிகம். உடான் திட்டத்துல 2018 மார்ச்ல ட்ரூஜெட் சென்னைக்கு ஓட்ட ஆரம்பிச்சது, 2021ல நின்னுடுச்சு. மறுபடி 2023 அக்டோபர்லதான் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தாங்க. ரெண்டு கம்பெனியும் இங்க கொண்டுவந்தது ஏடிஆர் 72, இறக்கைக்கு ஒண்ணா ரெண்டு விசிறி சுத்துற வண்டி. குச்சிக்கிழங்குக்குக் களை எடுக்கிற பொம்பளைங்க நிமிர்ந்து பாக்கிற அளவுக்குத் தாழ்வா போகும். அதைப் பாத்துப் பாத்து வளர்ந்த பசங்களுக்கு ஆசை வர்றதுல தப்பு சொல்ல முடியாது.

என் அக்கா பையனுக்கும் வந்துடுச்சு. பன்னெண்டாவதுல பிசிக்ஸ், மேத்ஸ் நல்ல மார்க். சேலத்துல ஒரு ஏஜென்ட் ஆபீசுக்குப் போயிட்டு வந்து, "நாட்ல பைலட் பற்றாக்குறை, படிச்சு முடிச்சதும் வேலை"ன்னு வழவழன்னு ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினான். மாமா பேங்க்ல கேட்டுட்டு வந்தார். கல்விக் கடன் ரூ.7.5 லட்சத்தைத் தாண்டினா சொத்து ஜாமீன் கேக்கிறாங்க, அதுவும் விவசாய நிலம்னா முகம் சுளிக்கிறாங்க. காரணம் இருக்கு. கடன் திரும்பலைன்னா கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுத்துக்க பேங்குக்கு வழி பண்ற சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. நம்மள காப்பாத்த வச்ச விதிதான். ஆனா இந்த மாதிரி சமயத்துல அடமானம் வைக்க முடியாம நேரா விக்கிற இடத்துக்குக் கொண்டு வந்து விட்டுடுது. கெணத்து மேட்டு ஒன்றரை ஏக்கருக்கு ஒரு பார்ட்டி வந்து அட்வான்ஸ் குடுக்கத் தயாரா நிக்கிறான். பொதுக் கிணத்துல எனக்கும் பங்கு இருக்கிறதால என்கிட்ட கேட்டாங்க. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்ச நாள் குடுங்கன்னு சொல்லிட்டு, தெரிஞ்சவங்க நாலு பேரைப் பிடிச்சு விசாரிச்சேன். அதைத்தான் இங்க எழுதுறேன். டவுன்ல இருக்கிற நீங்களும் உங்க வீட்ல இதே பேச்சைக் கேட்டிருப்பீங்க.

லைசென்சுக்கு உண்டான கணக்கு எந்த வழியில போனாலும் ஒண்ணுதான். டிஜிசிஏ தர்ற சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் பறந்திருக்கணும், அதுல 100 மணி நேரம் பொறுப்பு முழுக்கத் தன் கையில இருக்கிற மாதிரி ஓட்டியிருக்கணும். மெடிக்கல் பாஸ் ஆகணும். வழிகாட்டல், வானிலை, விதிமுறைகள், விமானத்தோட தொழில்நுட்பம்னு பேப்பர்கள் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் 70 மார்க் வாங்கினாதான் பாஸ். ரேடியோவுல பேசத் தனி லைசென்ஸ். லைசென்ஸ் ஒண்ணுதான், ஆனா அதை எந்த வழியில வாங்கினோம்கிறது பின்னாடி வேலை கேக்கிற இடத்துல வந்து நிக்குது.

பெரிய கம்பெனிங்க கேடட் திட்டம்னு வச்சிருக்காங்க. பரீட்சை வச்சுப் பசங்களைப் பொறுக்கி, தங்களோட ஒப்பந்தம் இருக்கிற பள்ளிக்கு அனுப்பி, கடைசியில ஏ320 ஓட்டுற டைப் ரேட்டிங்கும் சேத்து முடிச்சு எடுத்துக்குவாங்க. செலவு ஒரு கோடிக்கு மேல. இது பதிவுக் கரும்பு மாதிரி. ஆலை கூடப் பதிஞ்சு நட்டா விக்கிற கவலை பாதி போயிடும். ஆனா வெட்டு உத்தரவு ஆலை கையில. அவங்க ஓட்டம் குறைஞ்சா நம்ம கரும்பு வயல்லயே நின்னு காயும். அதோட அந்தப் பையன் அந்தக் கம்பெனிக்குன்னே, அந்த ஒரு வகை விமானத்துக்குன்னே தயாராகிறவன்.

இன்னொரு பக்கம் தானா படிக்கிறது. நம்ம நாட்டுப் பள்ளியில படிச்சா ஐம்பது, அறுபது லட்சம் வரை ஆகலாம். உத்தரப் பிரதேசத்துல ஃபர்சத்கஞ்ச்ல மத்திய அரசோட இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாதமி இருக்கு, அதுக்கு நுழைவுத் தேர்வு. இல்லேன்னா அமெரிக்கா, தென்னாப்பிரிக்கான்னு வெளிநாடு. ஏஜென்ட்டுங்க தள்ளுறது பெரும்பாலும் இந்தக் கடைசி வழியிலதான்.

தாரமங்கலம் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துப் பையன் அப்படித்தான் 2016ல தென்னாப்பிரிக்கா போனான். அங்க வானம் சுத்தம், விமானம் நிறைய. பதினோரு மாசத்துல 200 மணி நேரத்தை முடிச்சுட்டு வந்து இறங்கினான். ஊரே மாலை போட்டுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சது, அந்த லைசென்ஸை இங்க மாத்தணும்னா இங்கத்த பரீட்சையை எழுதணும்னு. போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் கூட அவன் எழுதல, எழுதச் சொல்ல ஏஜென்ட்டுக்கு அவசியமும் இல்ல. வீட்ல உக்காந்து படிச்சு ஒவ்வொண்ணா தாண்டறதுக்குள்ள ஒன்றரை வருஷம். அதுக்குள்ள பறந்து நாளாயிடுச்சுன்னு மறுபடி காசு கட்டிப் பறக்க வேண்டியதாச்சு. அப்புறம் அதே ஏஜென்ட், "ஏ320 ரேட்டிங் இருந்தாதான் கூப்பிடுவாங்க"ன்னு சொல்லி இன்னொரு பெரிய தொகையை வாங்கி ரேட்டிங் போட வச்சான். இதெல்லாம் முடிஞ்சு 2019 ஏப்ரல்ல பாத்தா ஜெட் ஏர்வேஸ் மூடியாச்சு. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டினவங்கெல்லாம் அதே வாசல்ல வரிசையில நிக்கிறாங்க. அடுத்த வருஷம் கொரோனா.

சரி, சின்னக் கம்பெனியிலயாவது சேரலாம்னு பாத்தான். அங்கத்த வண்டி ஏடிஆர். ஏ320 ரேட்டிங்கை வச்சுக்கிட்டு ஏடிஆர்ல கை வைக்க முடியாது. அறுப்பு மெஷின் ஓட்டுறவனை ஜேசிபியில ஏத்தி உக்கார வச்ச கதைதான். பூரா புதுசா ஆரம்பிக்கணும். ஓட்டாம கிடக்கிற ரேட்டிங்கும் சும்மா இருக்காது, காலாவதி ஆயிடும், உயிரோட வச்சிருக்கணும்னா சிமுலேட்டருக்குக் காசு கட்டிக்கிட்டே இருக்கணும். அந்தப் பையன் இப்ப அவங்க சேகோ ஆலையில கணக்கு பாக்கிறான். நல்ல பையன், அதைப் பத்திக் கேட்டா சிரிச்சுக்குவான். அவங்கப்பாதான் அந்த வழியா விமானம் போனா வீட்டுக்குள்ள போயிடுவார்.

"பற்றாக்குறை"ன்னு ஏஜென்ட் சொல்றது முழுப் பொய்யான்னா, இல்ல. பற்றாக்குறை இருக்கிறது கேப்டனுக்கு. அதுக்கு ஏடிபிஎல் வேணும், குறைஞ்சது 1,500 மணி நேரம் வேணும். 200 மணி நேரத்தோட வர்றவங்க ஏராளம். 2023ல மட்டும் டிஜிசிஏ 1,622 சிபிஎல் குடுத்திருக்கு, அதுவரைக்கும் இல்லாத அளவு. விளம்பரத்துல போடுற பற்றாக்குறை ஒருத்தருக்கு, பணம் கட்டுறது இன்னொருத்தர்.

அப்புறம் இந்த வட்டாரக் கம்பெனிங்களோட நிலைமை. நம்ம பக்கத்துலயே எத்தனை பாத்துட்டோம். சென்னையை வச்சு 2005ல பாரமவுண்ட் வந்தது, அஞ்சு வருஷத்துல போச்சு. கோயம்புத்தூர்ல 2016ல ஏர் கார்னிவல் ஏடிஆரோட ஆரம்பிச்சு ஒரு வருஷம் கூட ஓடல. ட்ரூஜெட் 2022ல ஒட்டுமொத்தமா நின்னுச்சு. இப்ப அலையன்ஸ் ஏர் இருக்கு, எம்ப்ரேயர் ஜெட் ஓட்டுற ஸ்டார் ஏர் இருக்கு, கோவாவுல இருந்து 2024ல ஆரம்பிச்ச ஃப்ளை91 இருக்கு. எல்லாமே சில விமானங்களை வச்சு ஓட்டுறவங்க. ஒரு விமானத்துக்கு நாலஞ்சு ஜோடி பைலட்தான் தேவைப்படும். புதுசா எடுக்கிறவனைப் பயணிகளோட ஓட்ட வச்சுப் பழக்கணும்னா பக்கத்துல பயிற்சி கேப்டன் உக்காரணும். சின்னக் கம்பெனியில அந்த ஆளு ஒண்ணு ரெண்டுதான். அதனால ஒரே தடவையில ஐம்பது பேரை எடுக்கவே முடியாது. ஏற்கனவே ஏடிஆர் ரேட்டிங் இருக்கிறவன் வந்தா முதல்ல அவன். இல்லேன்னா புதுசா எடுத்து, தாங்களே ரேட்டிங் குடுத்து, இத்தனை வருஷம் போகக் கூடாதுன்னு பாண்ட் எழுதி வாங்கிக்குவாங்க. ஓட்டக் கத்துக்கிட்டு ரெண்டே வருஷத்துல பெரிய கம்பெனிக்குத் தாவிட்டா அவங்களுக்குச் செலவு மொத்தமும் தண்டம். மாடு கத்துக்கற வரைக்கும் நம்ம தொழுவம், கறக்க ஆரம்பிச்சதும் பக்கத்து வீடுங்கிற கதை.

இதை எனக்கு விளக்கினது தர்மபுரி பக்கத்து என் நண்பரோட பொண்ணு. அப்பா அரசுப் பள்ளி வாத்தியார். அந்தப் புள்ள இப்ப ஒரு வட்டாரக் கம்பெனியில ஏடிஆர் ஓட்டுது. அது படிச்சது இங்கேயே, நம்ம நாட்டுப் பள்ளியில. 200 மணி நேரத்துக்கு இருபத்தாறு மாசம் ஆச்சாம். மழைக்காலத்துல பறக்க முடியாது, ஒரு விமானம் ரிப்பேர்ல நிக்கும், பயிற்சியாளர் வேலை மாறிப் போயிடுவார். "அந்த ரெண்டு வருஷம் அழுதிருக்கேன் சித்தப்பா. கூடப் படிச்ச பிள்ளைங்க வெளிநாட்ல முடிச்சுட்டு போட்டோ போடுவாங்க"ன்னு சொல்லுச்சு.

ஆனா அது ரெண்டு காரியம் சரியா பண்ணியிருக்கு. முதல் விஷயம், பள்ளியில பணம் கட்டுறதுக்கு முன்னாடியே மெடிக்கலை முடிச்சு, எழுத்துப் பேப்பரையும் வீட்ல இருந்தே எழுதிட்டுப் போயிருக்கு. அதனால கடைசி மணி நேரம் முடிஞ்சதும் லைசென்ஸ் கைக்கு வந்துடுச்சு. அடுத்தது, வேலை கிடைக்கலைன்னதும் ரேட்டிங்குக்கு ஓடல. அதே பள்ளியில உதவிப் பயிற்சியாளரா சேந்துடுச்சு. சம்பளம் சொல்லிக்கிற மாதிரி இல்ல, ஆனா தினமும் வானத்துல. கையில இருந்து காசு போகாம மணி நேரம் ஏறிக்கிட்டே இருந்தது. அறுநூறைத் தாண்டினப்ப அந்தக் கம்பெனி ஆள் எடுத்தது.

நான் கேட்டேன், "எங்க படிச்சேன்னு பாத்தாங்களாம்மா?"

"எங்கன்னு பாக்கல சித்தப்பா. கடைசியா எப்பப் பறந்தேன்னு பாத்தாங்க. ரெண்டு இன்ஜின் விமானத்துல இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் இப்ப செல்லுபடியா இருக்கான்னு பாத்தாங்க. அப்புறம் சிமுலேட்டர்ல ஏத்தி, கிளம்பினதும் ஒரு இன்ஜினை நிறுத்திட்டாங்க. அங்க பொய் சொல்ல முடியாது."

அந்த இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் வருஷா வருஷம் புதுப்பிக்கணுமாம். ரெண்டு இன்ஜின் விமானம் ஓட்ட மணிக்கு ஆகிற வாடகையைக் கேட்டு எனக்குத் தலை சுத்திடுச்சு. வேலைக்குக் காத்திருக்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் இந்தச் செலவு உண்டு, ஏஜென்ட் குடுத்த புத்தகத்துல இது ஒரு வரி கூட இல்ல. பொதுவா ஏடிஆர்ல சம்பளம் பெரிய ஜெட்டை விடக் குறைவுதான். ஆனா ஒரு நாள்ல நாலு தடவை ஏறி இறங்குறாங்க, கை நல்லா பழகுது, 1,500 மணி நேரத்தை நோக்கி நடக்குதுன்னு அந்தப் புள்ள சந்தோஷமாத்தான் இருக்கு.

அமெரிக்காவுல இந்தக் கதையே வேற. 2009 பிப்ரவரியில கோல்கன் ஏர்னு ஒரு வட்டாரக் கம்பெனி விமானம் பஃபலோ பக்கத்துல விழுந்து 50 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் சட்டம் போட்டு, 2013ல இருந்து பயணிகள் விமானத்துல துணை பைலட்டா உக்காரவே 1,500 மணி நேரம் வேணும்னு ஆக்கிட்டாங்க. அங்கீகரிச்ச காலேஜ்ல விமானப் பட்டம் படிச்சவங்களுக்கு 1,000 போதும், ராணுவத்துல ஓட்டினவங்களுக்கு 750. எந்த வழியில படிச்சோம்கிறது அங்க சட்டத்துலயே எழுதியிருக்கு. மத்தவங்க வட்டாரக் கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி பயிற்சியாளரா வேலை பாத்து மணி நேரம் சேக்கிறது வழக்கமாயிடுச்சு. இங்க சட்டம் 200 போதும்னு சொல்லுது. ஆனா வாசல்ல கூட்டம் நிக்கிறதால பல பேருக்கு அதே வேலை வந்து வாய்க்குது.

கிழங்கு போடுறவனுக்கு இன்னொண்ணும் தோணும். விலை ஏறியிருக்கிறப்ப எல்லாரும் குச்சி ஊனுவோம். பத்து மாசம் கழிச்சுப் பிடுங்குறப்ப எல்லார் வண்டியும் ஒண்ணா ஆலை வாசல்ல நிக்கும், விலை விழுந்திருக்கும். பைலட் படிப்பு ரெண்டு மூணு வருஷப் பயிர். இன்னிக்கு வேலை இருக்குன்னு பேப்பர்ல வந்த செய்தி, இவன் அறுவடைக்கு வர்றப்ப என்ன விலை சொல்லும்னு யாருக்கும் தெரியாது. அதனால காத்திருக்கத் தெம்பு இருக்கிற வழிதான் நல்ல வழின்னு எனக்குப் படுது. மொத்தப் பணத்தையும் முதல் நாளே கட்டிட்டு, வேலை வர்ற வரைக்கும் கையில ஒண்ணும் இல்லாம நிக்கிற வழி, அது எவ்வளவு வேகமா முடிஞ்சாலும் சரிப்படாது.

இதையெல்லாம் மாப்பிள்ளையை உக்கார வச்சுச் சொன்னேன். "வேண்டாம்னு சொல்றீங்களா மாமா?"ன்னு கேட்டான். வேண்டாம்னு சொல்லலடா, முதல்ல மெடிக்கல் போய்ட்டு வா, கலர் தெரியுதான்னு தெரிஞ்சுக்க, அப்புறம் வானிலையும் விதிமுறையும் எழுதிப் பாரு, அதுக்கு ஏக்கர் கணக்குல ஒண்ணும் ஆகாது, ஆயிரக் கணக்குலதான் ஆகும்னு சொன்னேன். ரெண்டு பேப்பர் தாண்டிட்டா அரை ஏக்கர் மட்டும் குடுத்து, மீதிக்கு வீட்டு மனையை ஜாமீன் வச்சு, இங்கேயே ஒரு பள்ளியில சேக்கலாம். வேலை வரலைன்னா பயிற்சியாளர் வேலை. அந்தத் தர்மபுரிப் புள்ள நம்பரையும் குடுத்தேன்.

அக்காவுக்கு இது சம்மதம். மாமாவுக்குத்தான் கோபம். தங்கச்சி பையன் மட்டும் பெங்களூருல கார் வாங்கிட்டான், என் பையன் விஷயத்துல எல்லாரும் கணக்கு பேசுறீங்கன்னு சாப்பாட்டை பாதியில விட்டு எழுந்து போயிட்டார். பையன் கிளாஸ் 2 மெடிக்கலுக்கு வர்ற புதன்கிழமை தேதி வாங்கியிருக்கான். நிலம் கேட்ட பார்ட்டி இன்னும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா போன் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கான்.