யாருக்குக் கொடுத்தார்கள்?

'விசில் புளோவர்' என்பதற்குத் தமிழில் சரியான ஒரு சொல் இன்னும் வந்து சேரவில்லை. பத்திரிகைகள் 'இரகசியத்தை அம்பலப்படுத்தியவர்' என்று எழுதும், சிலவேளை 'தகவலைக் கசியவிட்டவர்' என்று எழுதும். ஆனால் வீட்டில் கதைக்கும்போது தானாக வாயில் வாற சொல் வேறு: காட்டிக் குடுத்தவன்.

இந்தச் சொல்லைக் கேட்டால் எங்கட அம்மா அப்பாமாருக்கு நினைவு வருவது சுற்றிவளைப்பு. வெயிலில் வரிசையாக நிற்கவைத்த ஆக்கள், முன்னால் முகம் மூடிய ஒருவன். அவன் தலையை ஆட்டினால் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வராது. 'தலையாட்டி' என்று அதற்கொரு பெயரே இருந்தது. தெற்கில், 80களின் கடைசியில் ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில், இதே வேலையைச் செய்தவனைச் சிங்களத்தில் 'கோனி பில்லா' என்றார்கள். சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு வந்தவன். இரண்டு மொழியிலும் ஒரே பயம்.

இப்படி நினைவுகள் உள்ள ஒரு நாட்டில், "அரசாங்கத்துக்கு உள்ளே வேலை செய்த ஒருவர் இரகசியத்தை வெளியில் கொண்டுவந்தார்" என்றால் முதலில் சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் அந்தச் சந்தேகத்துக்குள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு ஆக்கள் கலந்து கிடக்கிறார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். அவர்களைப் பிரித்துப் பார்க்க, இந்தச் சண்டை மிகக் கூடுதலாக நடந்த நாட்டுக்கே, ஐக்கிய அமெரிக்காவுக்கே போவோம்.

முதலாவது ஆள் அல்ட்ரிச் ஏம்ஸ். சீ.ஐ.ஏ. அதிகாரி. 1985இல் தொடங்கி 1994இல் பிடிபடும் வரை சோவியத் யூனியனுக்கும், பிறகு ரஷ்யாவுக்கும் தகவல் விற்றவர். இரண்டு மில்லியன் டொலருக்கு மேல் வாங்கினார். அந்தக் காசில் வீடு வாங்கினார், ஜகுவார் கார் ஓடினார். சோவியத்துக்குள் இருந்துகொண்டு அமெரிக்காவுக்கு உதவியவர்களின் பெயர்களை அவர் கொடுத்தார். அவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். ஏம்ஸுக்குக் கிடைத்தது ஆயுள் தண்டனை.

இரண்டாவது ஆள் டானியல் எல்ஸ்பேர்க். வியட்நாம் யுத்தம் பற்றிப் பாதுகாப்புத் திணைக்களம் தனக்காகத் தயாரித்த 47 தொகுதி, ஏறத்தாழ 7,000 பக்க இரகசிய வரலாற்றைப் போட்டோப் பிரதி எடுத்தவர். யுத்தம் எப்படிப் போகிறது என்பதைப் பற்றி ஒன்றன்பின் ஒன்றாக வந்த அரசாங்கங்கள் சனத்துக்குப் பொய் சொன்னதை அந்தப் பக்கங்கள் காட்டின. 1971 ஜூனில் நியூயோர்க் டைம்ஸ் அதை வெளியிடத் தொடங்கியது. அரசாங்கம் தடை கேட்டு உயர் நீதிமன்றம் வரை போய், 6க்கு 3 என்று தோற்றது. எல்ஸ்பேர்க் தானே வந்து சரணடைந்தார். சமாதானப் பேச்சுவார்த்தைகள் பற்றிய நான்கு தொகுதிகளை மட்டும் அவர் பத்திரிகைகளுக்குக் கொடுக்கவில்லை. பேச்சைக் குழப்பிவிடக் கூடாது என்ற கவனம் அது.

இரண்டு பேரும் செய்த வேலை வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுதான்: இரகசிய முத்திரை குத்திய தாளை, அதைப் பார்க்க அனுமதி இல்லாத ஆளிடம் கொடுத்தார்கள். ஆனால் கொடுத்த ஆள் வேறு. ஏம்ஸ் கொடுத்தது ஒரேயொரு எசமானுக்கு. மற்ற எல்லாருக்கும் தெரியாமல் இருந்தால்தான் அந்தச் சரக்குக்கு விலை. எல்ஸ்பேர்க் கொடுத்ததோ எல்லாருக்கும். தெரியாமல் இருந்தால் அவர் செய்ததில் அர்த்தமே இல்லை. உளவாளிக்கு இருட்டு வேணும். மற்றவருக்கு வெளிச்சம் வேணும். தலையாட்டியும் அப்படித்தான், சனத்தைப் பற்றி அதிகாரத்துக்குச் சொன்னவன். அதிகாரத்தைப் பற்றிச் சனத்துக்குச் சொன்னவனை அதே சொல்லால் கூப்பிட்டால் சொல்லில்தான் பிழை இருக்கிறது.

சட்டத்துக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? தெரியாது. அமெரிக்காவின் உளவுச் சட்டம் 1917இல், முதலாம் உலக யுத்த நேரத்தில் வந்தது. ஏம்ஸ் மீதும் அதுதான் பாய்ந்தது, எல்ஸ்பேர்க் மீதும் அதுதான். எல்ஸ்பேர்க்குக்கு எல்லாக் குற்றச்சாட்டையும் கூட்டினால் 115 வருடம் வரை சிறை கிடைத்திருக்கலாம். விசாரணையில் அவரது சட்டத்தரணி கேட்டார்: ஏன் பிரதி எடுத்தீர்கள்? வழக்குத் தொடுநர் தரப்பு ஆட்சேபித்தது, நீதிபதி ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டார். 'ஏன்' என்பது அந்தச் சட்டத்துக்குத் தேவையில்லாத கேள்வி. வழக்கு 1973இல் தள்ளுபடியானது. ஆனால் காரணம் அவர் செய்தது சரி என்பதல்ல. வெள்ளை மாளிகையின் ஆக்களே அவரது மனநல மருத்துவரின் அலுவலகத்தை உடைத்துப் புகுந்தது போன்ற அரசாங்கத்தின் முறைகேடுகள் வெளிவந்ததுதான் காரணம். எட்வர்ட் ஸ்னோடன் மீது 2013இல் சுமத்தப்பட்டதும் இதே சட்டம்தான்.

சரி, உளவாளி இல்லை. 'கசியவிட்டவர்' என்றாவது சொல்லலாமா? அந்தச் சொல்லிலும் எங்களுக்குச் சிக்கல் இருக்கிறது. கசிவு என்றால் ஏதோ குழாய் பழுதானது போல. ஆனால் மேலே இருப்பவர்கள் தங்களுக்கு வசதியான இரகசியங்களைத் தாங்களே பத்திரிகையாளர்களின் காதில் போடுவது எல்லா நாட்டிலும் நடக்கிற விசயம். அதற்கு யாரும் உளவுச் சட்டத்தைத் தூக்குவதில்லை. ஜெனரல் டேவிட் பெட்ரேயஸ் எட்டு இரகசியக் குறிப்பேடுகளைத் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெண்ணிடம் கொடுத்தார். கேட்டபோது புலனாய்வாளர்களிடம் பொய்யும் சொன்னார். 2015இல் அவருக்குக் கிடைத்தது இரண்டு வருட நன்னடத்தைக் காலமும் ஒரு இலட்சம் டொலர் தண்டமும். ரியாலிட்டி வின்னர் என்ற 25 வயதுப் பெண், அமெரிக்கத் தேர்தல் முறைமைக்குள் ரஷ்யா நுழையப் பார்த்தது பற்றிய ஒரேயொரு அறிக்கையை 2017இல் ஒரு செய்தித் தளத்துக்கு அனுப்பினார். 63 மாதம் சிறை. தோளில் நட்சத்திரம் இருந்தால் அது 'தவறு', இல்லாவிட்டால் அது 'உளவு'.

இனி எங்களுக்குக் கிட்ட வரும் கதை. செல்சி மனிங், ஈராக்கில் இருந்த அமெரிக்க இராணுவப் புலனாய்வுப் பிரிவில் வேலை செய்தபோது வயது 22. 2010இல் அவர் ஏழு இலட்சம் அளவிலான ஆவணங்களை விக்கிலீக்ஸுக்குக் கொடுத்தார். லேடி காகா என்று மேலே எழுதிய இறுவட்டுகளில் அவற்றைக் கொண்டு போனதாக அவரே சொல்லியிருக்கிறார். அவற்றோடு 2007இல் பக்தாதில் ஹெலிகொப்டரில் இருந்து சுட்டதைக் காட்டும் ஒரு வீடியோவும் இருந்தது. கொல்லப்பட்டவர்களில் இரண்டு பேர் ரொய்ட்டர்ஸ் ஊழியர்கள். ரொய்ட்டர்ஸ் அந்த வீடியோவைச் சட்டப்படி தகவல் கோரிக்கை போட்டுக் கேட்டுப் பார்த்தது. கிடைக்கவில்லை. "சரியான வழியால் கேட்டிருக்கலாமே" என்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேணும்.

மனிங் கொடுத்தவற்றில் இரண்டரை இலட்சம் தூதரகத் தந்திகளும் இருந்தன. அதிலொன்று 2010 ஜனவரி 15ஆம் திகதி கொழும்பில் இருந்து அமெரிக்கத் தூதுவர் பற்றீசியா பியூட்டெனிஸ் அனுப்பியது, அதாவது யுத்தம் முடிந்து எட்டு மாதத்தில். யுத்தக் குற்றங்கள் என்று சொல்லப்படும் பலவற்றுக்கான பொறுப்பு ஜனாதிபதி ராஜபக்ஷ, அவரது சகோதரர்கள், அப்போது எதிரணி வேட்பாளராக நின்ற ஜெனரல் பொன்சேகா உட்பட நாட்டின் உயர் தலைமையிடமே இருக்கிறது என்றும், பதவியில் இருக்கும் ஒரு அரசாங்கம் தன் சொந்தப் படைகளை முழுமையாக விசாரித்த உதாரணம் தமக்குத் தெரியாது என்றும் அதில் எழுதியிருந்தார். அவர் அதை எங்களுக்குச் சொல்லவில்லை, வாஷிங்டனுக்குச் சொன்னார். அந்த டிசம்பரில்தான் உலகம் வாசித்தது. முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு, "வல்லரசுக்கு எதுவும் தெரியாமல் இல்லை" என்பது தெரியவந்தது, ஈராக்கில் இருந்த ஒரு 22 வயது ஆளால்.

அதே தந்திகளுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் எங்கட வாதம் பாதிதான். தூதரகங்களில் போய்க் கதைத்தவர்கள் அமைச்சர்மார் மட்டுமல்ல. மனித உரிமைக்காரர், பத்திரிகையாளர், சாதாரண ஆக்கள் எல்லாரும் நம்பிக்கையில் கதைத்திருக்கிறார்கள். முதலில் பத்திரிகைகள் பெயர்களை மறைத்து வெளியிட்டன. 2011 செப்டெம்பரில் விக்கிலீக்ஸ் எல்லாவற்றையும் மறைக்காமல் அப்படியே போட்டது. முன்பு சேர்ந்து வேலை செய்த பத்திரிகைகளே அதைக் கண்டித்தன. எங்கட மாதிரி நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கண்டனம் உடனே விளங்கும். ஒரு பட்டியலில் பெயர் வருவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அந்தத் தீர்மானம் எடுக்கப்பட்டபோது மனிங் ஏற்கெனவே ஒரு வருடத்துக்கு மேல் தடுப்பில் இருந்தார். பிறகு வழக்கில், இந்த ஆவணங்களால் கொல்லப்பட்டார் என்று பெயர் சொல்லக்கூடிய ஒருவரைத் தன்னால் காட்ட முடியவில்லை என்று பாதிப்பை ஆராய்ந்த இராணுவ ஜெனரலே சாட்சியம் சொன்னார். ஆனாலும் இரண்டரை இலட்சம் தந்தியை ஒரு ஆள் வாசித்து முடித்திருக்க முடியாது. எல்ஸ்பேர்க் தன் கையில் இருந்ததை வாசித்தார், நான்கு தொகுதியை ஒதுக்கினார். அந்தக் கவனம் மனிங்கிடம் இருந்திருக்க வேணும் என்று எதிர்பார்ப்பது நியாயம். கவனக்குறைவு என்று அதைச் சொல்லலாம், விமர்சிக்கலாம். ஆனால் கவனக்குறைவுக்கும் உளவுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது.

2013இல் மனிங்கின் நீதிபதியே அந்தத் தூரத்தை ஒருவகையில் ஒத்துக்கொண்டார். 'எதிரிக்கு உதவினார்' என்ற மிகப் பாரதூரமான குற்றச்சாட்டில் இருந்து மனிங் விடுவிக்கப்பட்டார். ஆனால் உளவுச் சட்டத்தின் கீழ் உள்ளிட்ட மற்றக் குற்றங்களுக்காக 35 வருடச் சிறை. எதிரிக்கு உதவவில்லை, ஆனாலும் உளவுச் சட்டம். 2017 ஜனவரியில் ஒபாமா தண்டனையைக் குறைத்ததால் அந்த மே மாதம் வெளியே வந்தார்.

ஆகவே எங்களுக்கு ஒரு அளவுகோல் தேவைப்படுகிறது, ஒரு பட்டம் அல்ல. மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறோம். யாருக்குக் கொடுத்தார்? அதனால் யார் பலம் பெற்றார்கள், ஏற்கெனவே பலம் உள்ளவரா, ஏமாற்றப்பட்டவரா? கொடுக்கும்போது பலமில்லாதவர்களின் பெயரைப் பாதுகாத்தாரா? முதல் இரண்டும் ஒருவர் உளவாளியா இல்லையா என்பதைச் சொல்லும். மூன்றாவது, அவர் செய்ததை எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதைச் சொல்லும். மூன்றாவதில் புள்ளி குறைந்ததற்காக முதலாவதை அழிக்க முடியாது.

இது அமெரிக்கக் கதை மட்டும் இல்லை. இலங்கையிலும் 1955ஆம் ஆண்டின் உத்தியோக இரகசியச் சட்டம் இன்னும் இருக்கிறது. அதோடு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. அதன் 40ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. அந்தச் சட்டத்தின்படி வெளியிடக்கூடிய தகவலை வெளியிட்டதற்காக ஒரு அரச ஊழியரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது அது. 5ஆம் பிரிவு தேசிய பாதுகாப்பு முதல் பல விலக்குகளைப் பட்டியல் போட்டாலும், பாதிப்பை விடப் பொதுநலன் பெரிதென்றால் தகவலை மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அதாவது அமெரிக்க நீதிமன்றம் கேட்கவிடாத அந்த 'ஏன்', எங்கட சட்டப் புத்தகத்தில் ஒரு மூலையில் எழுதப்பட்டிருக்கிறது. நடைமுறையில் அதை நம்பி எத்தனை உத்தியோகத்தர் வாய் திறப்பார் என்பது வேறு கதை. பொதுநலன் பெரிதா என்பது பிறகுதான் தீர்மானமாகும். இடமாற்றக் கடிதம் அதற்கு முதலே வந்துவிடும்.

எங்களோடு படித்த பலர் இப்போது பிரதேச செயலகங்களிலும் திணைக்களங்களிலும் மேசைக்குப் பின்னால் இருக்கிறார்கள். காணி, வீட்டுத்திட்டம், கேள்விப்பத்திரம், நிவாரணப் பட்டியல் என்று கோப்புகள் அவர்கள் கையால்தான் போகின்றன. ஒருநாள் அதில் ஒன்று கணக்குச் சரிவராமல் கிடக்கும். அவர்களில் ஒருவர் அதை வெளியில் சொன்னால் கந்தோரில் முதலில் விழப்போவது 'காட்டிக் குடுத்தவன்' என்ற அந்தப் பழைய சொல்தான். அப்போது சுற்றி இருக்கிற நாங்கள் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லப் போகிறோமா, அல்லது "யாருக்குக் குடுத்தவர்?" என்று கேட்கப் போகிறோமா என்பதில்தான் அந்த ஆள் தனித்துப் போவதும் போகாததும் இருக்கிறது.