இரண்டு மகிழுந்துகள்



ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பழைய விளையாட்டு மகிழுந்துகள் இரண்டின் படங்களைக் காட்டி, "ஐயா, சேகரிப்பதற்கு எது சிறந்தது?" என்று வினவினான்.

1961இல் ஜெனிவாவில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப், பிறந்தபோதே பேரழகு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் அதனைத் தன் சேகரிப்பில் சேர்த்துள்ளது. எனினும், 1974இல் அதன் உற்பத்தி நின்றது.

மற்றது, 1963இல் 901 என்ற பெயரில் காட்சிக்கு வந்து, 911 ஆகிய போர்ஷே. இயந்திரம் பின்புறம் இருந்ததால், வளைவில் திடீரென வேகத்தைக் குறைத்தால் பின்பகுதி வழுக்கும். பொறியியலாளர்கள் இயந்திரத்தை இடம் மாற்றவில்லை. 1969ஆம் ஆண்டு மாதிரியில் பின்சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தினர். தடுமாற்றம் குறைந்தது. 911 இன்றும் உற்பத்தியாகிறது.

"அழகைச் சேகரிப்பவருக்கு ஜாகுவார், வளர்ச்சியைச் சேகரிப்பவருக்குப் போர்ஷே" என்றேன்.

சொன்ன பிறகே மனம் உறுத்தியது. அவனுடைய அண்ணனும் என் மாணவனே. இவனது தேர்ச்சி அறிக்கையில், "அண்ணனைப் போல் இல்லை" என்று எழுதி வைத்திருந்தேன்.

அன்று மாலையே அவ்வரியை அடித்துவிட்டு, "சென்ற தவணையைவிட வாசிப்பில் முன்னேற்றம்" என்று எழுதினேன். அதுவே உண்மையும்கூட.