அலைவரிசை யாருடைய அமானிதம்?

கடை வைத்திருப்பவர் ஆண்டுதோறும் பிரதேச சபைக்குப் போய் வியாபார அனுமதியைப் புதுப்பிக்கிறார். அவருடைய தராசையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரையிட வேறு அதிகாரிகள் இருக்கிறார்கள். காற்றில் கடை விரித்திருக்கும் வானொலிக்காரரின் தராசைச் சோதிப்பவர் யார்?

என்னிடம் படித்த ஒருவர் சிறியதொரு பண்பலை வானொலியில் வேலை செய்கிறார். அனுமதியைப் புதுப்பிக்கும் காலம் வந்தபோது, தமிழில் எழுத வேண்டிய சில பந்திகளைத் திருத்தித் தரும்படி கோவையை என்னிடம் கொண்டுவந்தார். கம்பனிப் பதிவு, பணிப்பாளர் விபரம், ஒலிபரப்புக் கோபுரம் இருக்கும் இடம், கட்டிய பணத்துக்கான பற்றுச்சீட்டு என எல்லாம் ஒழுங்காக இருந்தன.

“நேயர்ர பக்கம் எங்க மகன்?” என்று கேட்டேன்.

“அத ஆரும் கேக்கல்ல சேர்” என்றார்.

அவரில் குறையில்லை. நமது நாட்டில் தனியார் வானொலிகளுக்கான அனுமதிகள் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44ஆம் பிரிவின் கீழ் அமைச்சரால் வழங்கப்பட்டு வந்தவை. அச்சட்டம் எழுதப்பட்ட காலத்தில் இங்கு தனியார் வானொலி என்ற ஒன்றே இல்லை. அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் போக வேண்டும். ஆக, கொடுப்பவரும் பெறுபவரும் இருக்கிறார்கள். கேட்பவர் மட்டும் இல்லை.

ஆனால் நீதிமன்றம் நேயரை மறந்துவிடவில்லை. இலங்கை வானொலியில் நேயர்கள் பங்குபற்றிய முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்று 1995இல் திடீரென நிறுத்தப்பட்டது. அதில் பங்குபற்றிவந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றம் சென்றார். அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டதாகவே தீர்ப்பாயிற்று. அவ்வழக்கு 1996ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் பதிவாகியுள்ளது. அடுத்து 1997இல், ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த அதே நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்றும், அரசாங்கம் அவற்றுக்கு நம்பிக்கைப் பொறுப்பாளர் என்றும், அவற்றை மேற்பார்க்கும் சபை அரசாங்கத்திலிருந்து சுயாதீனமாக இருக்க வேண்டும் என்றும் கூறியது. அந்த நம்பிக்கைப் பொறுப்பை நம் உம்மாமார் ஒரே சொல்லில் சொல்வார்கள்: அமானிதம்.

அமானிதம் என்ற எண்ணம் இல்லாத இடத்தில் அனுமதி வெறும் கயிறாகிவிடும். 2007 ஒக்டோபரில், செய்தியொன்று பிழையென்று சொல்லி ஒரே நிறுவனத்தின் ஐந்து வானொலிகளின் அனுமதியும் இரத்துச் செய்யப்பட்டது. அவற்றுள் சூரியன் எப்.எம்மும் ஒன்று. பிழைக்குத் திருத்தமும் தண்டனையும் வேண்டாமென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த ஐந்தையும் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிரித்தானியாவில் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கு 2004ஆம் ஆண்டின் கட்டளை சமூக வானொலிகளுக்கு முதலில் ஐந்தாண்டு வரை அனுமதி வழங்க இடமளித்தது. என்ன மொழியில், யாருக்காக, எவ்வகையான நிகழ்ச்சிகளை ஒலிபரப்புவோம் என்ற வாக்குறுதிகள் அனுமதியுடன் இணைக்கப்படுகின்றன. அவை யாவரும் பார்க்கக்கூடியவாறு வெளியிடப்படுகின்றன. இலாபத்தைப் பங்குபோட்டுக்கொள்ள முடியாது. நிலையத்தை நடத்துவதில் ஊர்மக்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும். வாக்குறுதியை எழுதி வைத்தால்தானே, கொடுத்த வாக்கு எங்கே என்று ஐந்து வருடம் கழித்துக் கேட்க முடியும்?

அன்றிரவு நானும் அவரும் அப்படியான தாளொன்றை எழுதினோம். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்று, கடல் நிலை. மழை வெள்ளக் காலத்தில் எச்சரிக்கையை முதலில் தமிழில் சொல்லுதல். பிழையான செய்தி போனால் அதே நேரத்தில், அதே குரலில் திருத்தம். தேர்தல் காலத்தில் எல்லாத் தரப்புக்கும் சம இடம். வாரத்தில் அரைமணி நேரம் ஊரின் இளம் எழுத்தாளர்களுக்கு. இந்த அரைமணி முன்பு இருந்ததுதான், விளம்பரத்துக்காக எடுத்துவிட்டார்கள். இன்று கதை எழுதும் மூன்று பேரையாவது அந்த அரைமணிதான் எனக்கு அறிமுகப்படுத்தியது.

உரிமையாளர் தாளை வாசித்தாராம். “சட்டம் கேக்காதத நாம ஏன் எழுதிக் குடுக்கணும்?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அனுமதி புதுப்பிக்கப்பட்டது. அரைமணி திரும்பவில்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். சட்டம் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. பாட்டு விருப்பம் கேட்டு அட்டை அட்டையாக எழுதிப் போட்ட சமூகம் நாம். “இன்ன நிகழ்ச்சியை ஏன் நிறுத்தினீர்கள்?” என்று ஒரு கடிதம் எழுதியவர் நம்மில் எத்தனை பேர்? நிகழ்ச்சியில் பங்குபற்றிய ஒருவர் தனியாகப் போய் நீதிமன்றத்தில் வென்ற நாடு இது. அவரவர் ஊரில் கேட்கும் வானொலியின் அனுமதி எப்போது முடிகிறது என்று விசாரித்து வையுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பாக, நேயர்கள் பத்துப் பேர் கையொப்பமிட்ட தாளொன்று நிலையத்துக்கும் அமைச்சுக்கும் போய்ச் சேரட்டும். அந்தத் தாளில் எதை எழுதுவது என்பதை ஊரார் கூடித் தீர்மானிக்கட்டும். எங்கள் பிரதி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த தவணைக்கு அதையே கொடுத்தனுப்புவேன்.