ஆறாவது அறை

பழைய பிரிட்டிஷ் துப்பாக்கி எதையாவது கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்க நேர்ந்தால், என் கண் முதலில் குழலின் அடியில் இருக்கும் சின்னஞ்சிறு முத்திரையைத்தான் தேடும். ஒரு கிரீடம், அதன் கீழே ஓரிரு எழுத்துகள். துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிடும் அதிகாரம் லண்டனில் 1637-இலும் பர்மிங்காமில் 1813-இலும் வழங்கப்பட்டது. வழக்கத்தைவிடக் கூடுதலாக மருந்து கெட்டித்து, ஆட்கள் ஒதுங்கி நின்று சுட்டுப் பார்ப்பார்கள். சிதறுவதானால் அங்கேயே சிதறட்டும். தாங்கிய குழலுக்கே முத்திரை. 1460-இல் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ், தன் படையின் பீரங்கியே பக்கத்தில் வெடித்து இறந்தார். மன்னருக்கே அந்தக் கதி.

இந்த முத்திரைமேல் எனக்குப் பிரியம் வந்தது மாமாவால். கோலாலம்பூரின் சாலாக் செலாத்தானில் குடியிருந்தார். மலாயா அவசரகாலத்தில் தோட்டக் காவலுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தவர். பிற்பாடு ஒரு பாதுகாப்பு நிறுவனத்தில் பணம் ஏற்றிச் செல்லும் வேனுக்கு ஜாகா, அதாவது காவலாளி, வேலை. ஒருநாள் புது ரிவால்வர்கள் வந்திறங்கின. எண்ணெய்ப் பிசுக்குக்கூடப் போகாத புதுசு. மற்றவர்கள் இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்ப, மாமா மட்டும் மேசையருகே நின்றார். உருளையைத் திறந்து தோட்டா இல்லை என்று பார்த்தார். மூடிவிட்டு, குதிரையை மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் உருளை ஓர் அறை சுற்றி, 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து முறை பூட்டியது. ஆறாவது முறை குதிரை முழுதாகப் பின்னால் வந்தும் சத்தம் இல்லை. விரலால் தள்ளினால் உருளை ஆடியது. அந்த அறைக்குச் சுண்ணாம்புக் கட்டியால் குறி வைத்து மறுபடியும் சுற்றினார். அதே அறை.

அறையும் குழலும் நேராக நிற்காவிட்டால், குண்டு குழலின் விளிம்பில் மோதும். ஈயம் பக்கவாட்டில் தெறித்து அருகில் நிற்பவரைக் கிழிக்கும். குழலே பிளக்கவும் கூடும்.

"ஒரே ஒரு அறைதானே, அண்ணே?" என்றாராம் மேலாளர்.

"சுடுற நேரத்துல எந்த அறை முன்னால நிக்கும்னு யாருக்குத் தெரியும் தம்பி?"

இதைச் சொல்லும்போதெல்லாம் மாமா கட்டைவிரலால் காற்றில் குதிரையை இழுத்துக் காட்டுவார். அந்த ஆறாவது இழுப்பில் எங்கள் வீடே மூச்சடக்கும். அந்தத் துப்பாக்கியை வாங்க மறுத்ததால் வேன் வேலை போயிற்று. கிள்ளானில் ஒரு தொழிற்சாலை வாசலில் தடியோடு நிறுத்தினார்கள். சம்பளம் குறைந்தது, அத்தை புலம்பினார். மாமா அசையவில்லை.

புதுசு என்றாலே நம்பிவிடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் தேர்ந்தெடுத்த கைத்துப்பாக்கி, சிக் சாவர் பி320-இன் ஒரு வடிவம். அதே ஆண்டு ஆகஸ்டில், கடைகளில் விற்ற பி320 குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் யாரும் விசையைத் தொடாமலே சுடக்கூடும் என்று தெரியவந்து, நிறுவனம் இலவசமாகத் திருத்தித் தர முன்வந்தது. துப்பாக்கியே வாங்காத நம் மடியருகிலும் அப்படியொன்று இருந்தது. கார்களின் தக்காத்தா காற்றுப்பைகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, அளவுமீறி வெடித்து, உலோகச் சில்லுகளை ஓட்டுநர்மேல் வீசியது. 2014-இல் சிபுவில் ஒரு கர்ப்பிணி இறந்தார். நம்முடைய புழுக்கத்தைக் கணக்கில் எடுத்துச் சோதித்திருக்க வேண்டிய பொருள் அது.

சோதிக்கும் பொறுப்பு விற்பவருடையது. அவர் தவறினால், கடைசியில் கையில் வாங்குகிற தொழிலாளியின் 'முடியாது' ஒன்றுதான் மிச்சம். மலேசியாவில் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின் 26ஏ பிரிவு அதற்கு இடம் தருகிறது: உடனடி ஆபத்து இருந்து முதலாளி அதை நீக்காவிட்டால் தொழிலாளி விலகிக்கொள்ளலாம், அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. மாமாவுக்கு அந்தச் சட்டம் கிடைக்கவில்லை. இன்று வேன்களில் போகிற ஜாகாக்களுக்கு அதை அவரவர் மொழியில் படித்துக்காட்ட வேண்டும், துப்பாக்கியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே.