கவ்வாத்து மலையில் கொழுந்து கேட்பவர்கள்

2022க்குப் பிறகு கொழும்பில் ஒரு சொல்லுக்கு நல்ல மவுசு வந்தது: மீண்டெழுதல். நெருக்கடிக்குப் பின்னரான தலைமைத்துவம், விழுந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்துவது எப்படி என்றெல்லாம் ஒருநாள் செயலமர்வுகள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்திலிருந்து போய் வங்கியிலும் காப்புறுதியிலும் வேலை பார்க்கிற எங்கள் கூட்டாளிகள் சிலரையும் அவர்களுடைய நிறுவனங்கள் அனுப்பிவைத்தன. சான்றிதழும் பகல் சாப்பாடும் கிடைத்தது. திரும்பி வந்து குறிப்புகளைக் காட்டினார்கள். சீக்கிரம் முடிவெடு, எல்லோரோடும் பேசு, மாற்றத்துக்குப் பயப்படாதே. தப்பாக ஒன்றுமில்லை. ஆனால் உதாரணங்கள் எல்லாம் அமெரிக்காவின் கணினிக் கம்பனியும் ஜப்பானின் கார்க் கம்பனியும்தான். ஒன்றரை நூற்றாண்டாக விழுந்து விழுந்து எழும்புகிற ஒரு தொழில் ரயிலில் ஏறினால் எட்டும் தூரத்தில் இருக்கும்போது, அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதனால் நாங்களே யோசித்துப் பார்த்தோம். தோட்டத்தில் பெரிய பாதிப்புக்குப் பிறகு மீள்வது என்றால் என்ன? எங்களுக்கு முதலில் ஞாபகம் வந்தது கவ்வாத்து.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறோம். தேயிலைச் செடி மேலே மேலே போய்விடும்; கொழுந்து குறைந்து பஞ்சி கட்டும். நாலைந்து வருஷத்துக்கு ஒருதரம் கத்தியால் இடுப்பளவுக்குக் கீழே வெட்டி எடுத்துவிடுவார்கள். பார்த்தால் மலை எரிந்து முடிந்த மாதிரி இருக்கும், வெறும் குச்சிகள். அதற்குப் பிறகு மூணு நாலு மாசம் அந்த மலையில் கொழுந்து இல்லை. இது தோட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் ஒரு துரை எல்லா மலையையும் ஒரே வருஷத்தில் வெட்டமாட்டார். ஒரு பகுதியை வெட்டும்போது மற்றப் பகுதிகள் கொழுந்து கொடுத்துக்கொண்டிருக்கும். மேல்நாட்டில் வெட்டும்போதுகூடச் செடியின் ஓரத்தில் சில கிளைகளை விட்டுவைப்பது உண்டு, வெட்டுப்பட்ட செடி மூச்சு விடுவதற்கு.

இன்னொரு விஷயம் எங்களில் பாதிப் பேருக்கே புதுசு. வெட்டுவதற்கு முன்னால் மண்ணைத் தோண்டி, பென்சில் மொத்தத்தில் ஒரு வேரை அறுத்து, அதில் அயடின் தடவிப் பார்க்கலாம். கருநீலமாக மாறினால் வேரில் மாச்சத்து இருக்கிறது, செடி வெட்டைத் தாங்கும். மாறாவிட்டால் கொழுந்து பறிப்பதை நிறுத்திச் சில வாரம் செடியைச் சும்மா விடவேண்டும். சத்தில்லாத செடியை வெட்டினால் அது தளிர்க்காமலே செத்துப்போகலாம். எங்களில் ஒருத்தருடைய அப்பா முப்பது வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். இதைக் கேட்டதும் அவர் சிரித்தார். "மருந்து தடவித்தான் பாக்கணுமாப்பா? எலைய பாத்தாலே தெரியுமே."

இப்போது 2021க்கு வருவோம். ஏப்ரல் கடைசியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்துவதாக அரசாங்கம் முடிவெடுத்தது. மே 6 வர்த்தமானி வந்தது. நாடு முழுக்க, எல்லாப் பயிருக்கும், ஒரே வெட்டு. ஒரு மலையையாவது விட்டுவைப்போம் என்ற எண்ணம்கூட இல்லை. அதே வருஷம் நவம்பரில் தடை விலகியது. செய்தியைப் பார்த்தவர்கள் பிரச்சினை முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். தடை வந்த 2021இல் நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 299 மில்லியன் கிலோ. அது முந்தின வருஷத்தைவிடக் கூட. தடை போன பிறகு, 2022இல், சுமார் 251 மில்லியன் கிலோ. கால் நூற்றாண்டில் காணாத இறக்கம். 2023இலும் 256 மில்லியனைச் சுற்றித்தான் நின்றது. செடி தன் வேரில் இருந்ததைச் செலவழித்துக்கொண்டு கொஞ்ச காலம் நல்ல பிள்ளையாகக் கொழுந்து கொடுத்தது. சேமிப்பு தீர்ந்தபோது இறங்கியது. அந்த நேரத்தில் பசளைக்குத் தடை இல்லை, வாங்கத்தான் காசில்லை, டொலரும் இல்லை. ஆக, காரணம் ஒரு வருஷம், விளைவு மறு வருஷம். காகிதத்தில் நெருக்கடி முடிந்த தேதியைப் பிடித்துக்கொண்டு மீட்சித் திட்டம் போடுகிற எந்த முகாமையாளருக்கும் இந்த ரெண்டு எண்ணையும் எழுதிக் கொடுக்கலாம்.

இதை மறைத்தது எது என்றால், விலை. 2022 மார்ச்சில் ரூபா விழுந்ததும் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை ரூபாக் கணக்கில் முந்தின வருஷத்தைவிட ஏறத்தாழ ரெண்டு மடங்கானது. கொழுந்து குறைந்தாலும் வரவுப் பக்கம் அழகாக இருந்தது.

இது புதுக் கதையும் இல்லை. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் துருநோய் கண்டார்கள். கோப்பி விலை நன்றாக இருந்த காலம் அது. ஏக்கருக்கான விளைச்சல் வருஷாவருஷம் குறைந்தபோது துரைமார் செய்தது, இன்னும் காட்டை வெட்டி இன்னும் கோப்பி நட்டது. 1870களின் இறுதியில் பரப்பு சுமார் இரண்டே முக்கால் லட்சம் ஏக்கர். நோயை ஆராய ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்தது 1880இல். ஒரே பயிரை மைல் கணக்கில் நட்டு வைத்தால் நோய்க்கு நாமே பந்தல் போட்ட மாதிரி என்பதுதான் அவர் கண்டதன் சாரம். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கியே மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு தேயிலை வந்து நாட்டைக் காப்பாற்றிய கதையை எல்லோரும் சொல்வார்கள். லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலைதான் பின்னால் கைகொடுத்தது, உண்மைதான். எல்லாம் நன்றாக இருக்கும்போதே ஓரமாக வேறொன்றைச் செய்து பார்த்த ஆள் அவர். 1892இல் அவரைப் பதவி விலகச் சொன்னது தோட்ட நிர்வாகம். அதே வருஷம் லூல்கந்துரவிலேயே செத்துப்போனார். மீட்சிக்கு வழிகாட்டியவருக்கே இந்த மரியாதை என்றால், கோப்பி விழுந்தபோது சம்பள பாக்கியோடு கடல் கடந்து திரும்பிப்போன ஆட்களைப் பற்றி எந்தச் செயலமர்வில் பேசுவார்கள்!

எங்களுக்கு முக்கியமாகப் படுவது இங்கேதான் இருக்கிறது. செடி மீள நாலு மாசம், மண் மீள ரெண்டு வருஷம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காத்திருப்புக் காலத்துக்கு யார் செலவு செய்வது? 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் நாள் சம்பளம் 1000 ரூபா ஆனது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. அதன் பிறகு 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம் வரை போனது, கோதுமை மா விலை பல மடங்கானது. சட்டப்படியான நாள் சம்பளம் அதே 1000. அது 1350 ஆனது 2024 செப்டெம்பரில். இடையில் மூன்றரை வருஷம்.

அந்தக் காலத்தில் மலைக்குப் போன எங்க அம்மாமார், அக்காமாரிடம் கேட்டால் வேறொரு கணக்குச் சொல்வார்கள். பசளை போடாத மலையில் கொழுந்து இல்லை. கிலோ இலக்கு மட்டும் இறங்கவில்லை. எடுக்காவிட்டால் அரைப் பேர். "நாங்க என்ன கொழுந்த மடியில ஒளிச்சா வச்சிருக்கோம், கணக்கப்புள்ள ஐயா?" என்று மடுவத்தில் ஒரு அக்கா கேட்டதாக எங்களுக்குள் இன்னும் சொல்லிச் சிரிப்போம். சிரிக்கிற விஷயம் இல்லை. கவ்வாத்து மலையில் போய்க் கொழுந்து கேட்கிற வேலைதான் அது. மீட்சியின் முழுப் பாரமும் தராசுத் தட்டில், கூடைக்காரியின் பக்கம் இறக்கிவைக்கப்பட்டது. அந்தத் தராசைக் கீழே இறக்குகிற அதிகாரம் உள்ளவர்தான் நெருக்கடிக் காலத் தலைவர் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. மற்றவையெல்லாம் பேச்சு. எங்கள் பக்கத்துத் தலைவர்மாருக்கும் இது பொருந்தும். மலையில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். துரையோடு பேசப்போகிற தோட்டத் தலைவர் அநேகமாக ஆம்பளை. மாதர் தலைவி என்று ஒருத்தர் இருப்பார், மே தினத்துக்கு ஆள் சேர்க்க.

இப்போது சில கம்பனிகள் தேயிலை மலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களிடம் பிரித்துக் கொடுத்து, கொழுந்தின் எடைக்குக் காசு தருகின்றன. நாங்கள் இதை ஒரேயடியாக எதிர்க்கவில்லை. கவ்வாத்து எப்போது, பசளை எவ்வளவு என்று இலையைப் பார்த்தே சொல்லக்கூடிய ஒருத்தர் கையில் முடிவு வருவது நல்லதுதான். ஆனால் ஊழியர் சேமலாப நிதியும் பிள்ளைப்பேற்று லீவும் சத்தமில்லாமல் கழன்றுபோய், மழை பெய்யாத மாசத்தின் நட்டம் மட்டும் வீட்டுக்கு வருமென்றால், அது பங்காளி ஆக்குவது இல்லை. முடிவையும் கொடுங்கள், பாதுகாப்பையும் விட்டுவையுங்கள். ஓரக் கிளை மாதிரி.

இதெல்லாம் பழைய கணக்கும் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாட்டில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலை மலையாகச் சரிந்தது. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஒரு லயவரிசையே மண்ணுக்குள் போனபோது, அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள் என்பது தெரிய வந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடம் இல்லை. நிலம் அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியினுடையது, லயக் காம்பரா மட்டும் எங்களுடையது, அதற்கும் உறுதி இல்லை.

புயலுக்குப் பிறகும் மீண்டெழுதல் கூட்டங்கள் தொடங்கிவிட்டன. எத்தனை ஹெக்டயர் போனது, ஸ்டோர் எப்போது ஓடும், ஏற்றுமதி எவ்வளவு குறையும் என்று பேசுகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த சில குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்துவிட்டு, சுவரில் வெடிப்பு விழுந்த அதே லயத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். மழை பெய்கிற ராத்திரியில் ஒருத்தர் முழித்திருக்க, மற்றவர்கள் தூங்குகிறார்கள். காலையில் பெரட்டுக்குப் போகவேண்டும், முழித்திருந்தவரும்தான்.